முதுகில் 60 பவுண்டு: மஸ்கெட் காலத்து ஆங்கிலேயச் சிப்பாயின் சுமை செட், நீலகிரி ஏற்றத்தில்

பெட்டியைப் பிரித்ததும் எல்லாருடைய கையும் முதலில் துப்பாக்கிக்குத்தான் போகும். அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு முதுகுப் பையைத் தூக்கிப் பாருங்கள். இந்த செட்டை வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பைதான் சொல்லும்.

சரக்கு இதுதான். 1808 முதல் 1814 வரை போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் பிரெஞ்சுப் படையோடு மோதிய ஆங்கிலேயக் காலாட்படைச் சிப்பாய் ஒருவன் உடம்பில் சுமந்த அத்தனையும் முழு அளவு மறுபடைப்பாக வருகின்றன. வட இந்தியாவில் செய்து பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகும் ரகம். மஸ்கெட் என்கிற, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி, அதன் முனையில் சொருகும் பயனெட் கத்தி, தோட்டாப் பை, முதுகுப் பை, ஜோல்னா பை, மரத்தில் செய்த தண்ணீர்க் குடுவை, கம்பளி, சாம்பல் நிற மேலங்கி, சிவப்புக் கோட்டு, ஷூ, கழுத்தை இறுக்கும் தோல் பட்டை என்று பதினோரு உருப்படி. நீலகிரியில் இதை விசாரிப்பவர்கள் மூன்று வகை: ஆண்டு விழா நாடகம் போடும் பள்ளிகள், வரலாற்று நடை கூட்டிப் போகிறவர்கள், விடுதி வரவேற்பறைச் சுவரை அலங்கரிக்க நினைப்பவர்கள். சுவருக்கு இந்த செட் தாராளமாகப் போதும். கீழே எழுதியிருப்பது மற்ற இரு வகையினருக்காக.

கடல் கடந்து போய் நடத்திய நெடும்போர் என்றதும் நம் மனதில் வருவது சண்டைக் காட்சி. நாட்களை எண்ணிப் பார்த்தால் படம் மாறும். விமெய்ரோ 1808 ஆகஸ்ட் 21. சலமாங்கா 1812 ஜூலை 22. விட்டோரியா 1813 ஜூன் 21. கடைசியாக துலூஸ் 1814 ஏப்ரல் 10. இவற்றோடு இன்னும் சில பெரும் சண்டைகள், சில முற்றுகைகள். மிச்ச வருஷங்கள் முழுக்க நடை, காத்திருப்பு, சமையல், காய்ச்சல். அதே காலத்தில், 1809-இல், ஹாலந்துக் கரையில் வால்கரென் தீவுக்குப் போன படையைப் பாருங்கள்: சுமார் 40,000 பேர் போனார்கள், சுமார் 4,000 பேர் இறந்தார்கள், அதில் சண்டையில் விழுந்தவர்கள் 106 பேர் மட்டுமே. மற்றவர்களைக் கொண்டுபோனது சதுப்பு நிலக் காய்ச்சல். துப்பாக்கியைச் சுடும் நாள் வருஷத்துக்கு ஒரு சில. அதைச் சுமக்கும் நாள் தினம் தினம். ஆகவே இந்த செட்டை வேஷமாகப் பார்க்காமல் சுமையாக எடை போடுவதே நியாயம்.

நிஜத் தராசில் வைத்தபோது வந்த கணக்கு: மஸ்கெட்டும் பயனெட்டும் சேர்ந்து 4.9 கிலோ. 60 போலித் தோட்டா நிரப்பிய தோட்டாப் பை 3.6. உள்ளே சாமான் அடுக்கிய முதுகுப் பை 7.4. கம்பளி 1.9, மேலங்கி 2.3. தண்ணீர் நிரப்பிய குடுவை 2.8. மூன்று நாள் ரேஷன் போட்ட ஜோல்னா பை 2.8. கூட்டினால் 25.7 கிலோ. உடம்பில் போட்டிருக்கும் கோட்டும் ஷூவும் இதில் சேரவில்லை. அந்தக் காலத்துச் சிப்பாயின் சுமையைச் சுமார் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ என்று சொல்வது வழக்கம். எடை விஷயத்தில் தயாரிப்பாளர் ஏமாற்றவில்லை. இதற்கு முழு மதிப்பெண். மலிவு செட்டுகளில் எல்லாம் பாதி எடைதான் இருக்கும், அதனால் நடையும் பொய்யாகிவிடும்.

சோதனைக்கு எடுத்த பாதை குன்னூருக்கு அப்பால், தேயிலைத் தோட்டம் தாண்டி, துரூக் என்று சொல்லும் பகாசுரன் மலைக் கோட்டைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. திப்பு சுல்தான் காவல் நிலையாக வைத்திருந்த இடம் என்பதால் பொருத்தமும் கூட. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த போரில் ஆர்தர் வெல்லெஸ்லி ஒரு படைப்பிரிவுத் தலைவர். அவர்தான் பிற்பாடு ஸ்பெயின் போரை நடத்தி வெலிங்டன் பிரபு ஆனவர். நம் வெலிங்டன் ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. ஆனால் அவர் 1805-இலேயே இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறியதே அதற்குப் பிறகு, 1819-இல்.

ஒரு எச்சரிக்கை. தோட்டத்துக்குள்ளோ காட்டோரத்திலோ மஸ்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். சுடாத துப்பாக்கிதான் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. வெலிங்டன் கன்டோன்மென்ட் பக்கமும் வெளியே எடுக்கவே கூடாது. பதிலுக்கு அதே நீளம், அதே எடைக்கு ஒரு சவுக்குக் கம்பில் நடுவில் இரும்புப் பட்டை சுற்றிக்கொள்ளுங்கள். தோளுக்கு வித்தியாசம் தெரியாது.

இனி முதுகுப் பை. கறுப்புப் பெயின்ட் பூசிய கித்தான் துணி, பக்கவாட்டில் பலகை வைத்துச் சதுரமாக நிற்கும் வடிவம். லண்டன் கான்ட்ராக்டர் பெயரில் டிராட்டர் பை என்று அழைக்கப்பட்ட ரகம். தோளில் இரண்டு வார், அவற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டும் மூன்றாவது வார் ஒன்று. அந்தக் காலச் சிப்பாய்கள் வெறுத்தது இந்த மூன்றாவது வாரைத்தான். ஏன் என்பது ஏற்றத்தில் இருபதே நிமிஷத்தில் விளங்குகிறது. ஏறும்போது மூச்சு ஆழமாக வாங்க வேண்டும், நெஞ்சு விரிய வேண்டும், வார் விரியவிடாது. அதைத் தளர்த்தினால் தோள் வார் இரண்டும் அக்குள் பக்கம் சரிந்து நரம்பை அழுத்தும், விரல் மரத்துப் போகும். கட்டினாலும் சிரமம், அவிழ்த்தாலும் சிரமம். இது மறுபடைப்பின் குறை அல்ல, மூலப் பொருளின் குறையே அப்படி. அதை அப்படியே கொண்டுவந்ததைப் பாராட்ட வேண்டும்.

மறுபடைப்பின் சொந்தக் குறைகள் வேறு. தோள் வாரின் மேல் முனையை ஐந்து சென்டிமீட்டர் கீழே தைத்திருக்கிறார்கள். அதனால் பை முதுகோடு ஒட்டாமல் பின்னால் சாய்ந்து, இறக்கத்தில் ஆளைப் பின்னுக்கு இழுக்கிறது. குன்னூரிலோ ஊட்டியிலோ எந்தச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தாலும் அரை மணியில் மேலே ஏற்றித் தைத்துத் தருவார். மெழுகு தேய்த்த பருத்தி நூலில் தைக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைத் தையல் பாலியஸ்டர் நூல்; அது அறாது, ஆனால் தோலை அறுக்கும். அடுத்தது பெயின்ட். காலைப் பனியில் மடித்த இடமெல்லாம் வெடிக்கிறது, மதிய வெயிலில் பிசுபிசுவென்று கம்பளியில் ஒட்டுகிறது. அடியில் பூச்சு சரியாகக் காயாமலே மேல் பூச்சு அடித்ததன் விளைவு. மெல்லிய மணல்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயில் கலந்த கறுப்பை மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது நான்கு நாள் வெயிலில் காயவைத்துப் பூச வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூரில் எதுவும் காயாது.

அடுக்கும் முறைக்கும் ஒரு வார்த்தை. உதிரி ஷூவை முதுகை ஒட்டி நிறுத்தி வையுங்கள். சட்டை இரண்டும் காலுறையும் அதற்கு வெளியே. பிரஷ், வெள்ளை வாருக்குப் பூசும் பைப் களிமண், ஷூ மை எல்லாம் மேல் மடிப்பில். கம்பளிச் சுருள் பையின் தலைக்கு மேலே இரண்டு வாரில். எடை முதுகெலும்புக்கு நெருக்கமாக இருந்தால் 7 கிலோ 7 கிலோவாகவே இருக்கும். வெளியே தள்ளிப் போனால் 10 போல அழுத்தும்.

செட்டில் மிகச் சிறந்த பொருள் தண்ணீர்க் குடுவை. வட்டமான மரத் தட்டு இரண்டு, சுற்றிலும் சிறு பலகைகள், இரண்டு இரும்பு வளையம், மேலே நீல-சாம்பல் பெயின்ட். சின்னப் பீப்பாய் என்றே சொல்லலாம். வந்த அன்றே தண்ணீர் ஊற்றினால் நான்கு பக்கமும் ஒழுகும். உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மரம் நீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு மூடும். செய்ய வேண்டியது: வாளியில் முழுக்க மூழ்கும்படி 48 மணி நேரம் ஊறப்போடுங்கள், மேலே கல் ஒன்றை வையுங்கள், தண்ணீரை ஒரு முறை மாற்றுங்கள். பிறகு நிரப்பித் தொங்கவிட்டு ஒரு இரவு பாருங்கள். அப்போதும் சொட்டினால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, தேன்மெழுகை உருக்கித் தடவினால் போதும். நடை முடிந்ததும் முழுக்கக் காயவிடக் கூடாது. காய்ந்தால் வளையம் தளர்ந்து கழன்றுவிடும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் ஊற்றிப் புரட்டி வையுங்கள். ஊட்டிக் குளிரில் இது சுலபம். கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் மூன்றே நாளில் வாய் பிளந்துவிடும். முதல் பத்து முறை தண்ணீரில் மர வாடை வரும், குடிப்பதற்கு ஆகாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு அடித்த குடுவையும் கிடைக்கிறது. அதில் ஒழுகல் இல்லை, பராமரிப்பும் இல்லை. ஆனால் கைக்கு அது மரம் போலவே இருக்காது.

ஷூவில்தான் செட் தோற்கிறது. அந்தக் காலத்துப் படை ஷூவுக்கு இடது வலது கிடையாது. ஒரே நேர்க்கட்டையில் செய்தது. தேய்மானம் சமமாக இருக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் மாற்றிப் போடச் சொல்வார்கள். பெட்டியில் வருவது இடது வலது பிரித்த இக்கால வார்ப்பு, மேலே பழைய காலத் தோற்றம். அடியில் அடித்த இரும்பு ஆணி வேறு. மண் பாதையில் ஆணி நன்றாகப் பிடிக்கிறது. பாசி படிந்த பாறையிலும் தார் ரோட்டிலும் பனிக்கட்டிமேல் நடப்பது போல வழுக்குகிறது. நீலகிரிப் பாதையில் இரண்டுமே மாறி மாறி வரும். குழந்தைகள் நடக்கிற நடையென்றால் ஆணியைப் பிடுங்கிவிட்டு டயர் ரப்பர் அடியை ஒட்டிவிடுங்கள், உண்மைத்தன்மை போனாலும் கணுக்கால் தப்பும். 1808 டிசம்பரிலும் 1809 ஜனவரியிலும் சர் ஜான் மூரின் படை ஸ்பெயினின் மலைப் பனியில் கொருன்னாத் துறைமுகம் வரை பின்வாங்கியபோது, ஷூ பிய்ந்து வெறுங்காலோடு நடந்தவர்கள் ஏராளம். ஷூவைச் சில்லறை விஷயமாக எண்ணி ஒப்பேற்றியிருப்பது இந்த செட்டின் பெரிய ஏமாற்றம்.

இப்போது துப்பாக்கி. வடிவம் இந்தியா பேட்டர்ன் மஸ்கெட். பெயரைக் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைக்காகச் செய்வித்த ரகம் அது. பிரெஞ்சுப் போர் வெடித்து ஆயுதப் பஞ்சம் வந்தபோது, பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை வாங்கி, பிறகு 1797-இல் அதையே தன் படைக்கும் நிலையான மாதிரியாக எடுத்துக்கொண்டது. முந்தைய ரகத்தின் குழல் 42 அங்குலம், இதில் 39. செய்வது எளிது, செலவும் குறைவு. இந்தியச் சிப்பாய்க்கென்று செய்வித்த துப்பாக்கிதான் ஸ்பெயின் மலைகளில் வெடித்தது.

மறுபடைப்பில் குழல் நீளம் சரி, 0.75 அங்குல வாயும் சரி. பூட்டுத் தகட்டில் கிரீடமும் டவர் என்ற எழுத்தும் இருக்கின்றன. அரசுப் படைக்கு அது பொருந்தும். கம்பெனிப் படை வேஷத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் பொருந்தாது. கம்பெனித் துப்பாக்கியில் 1808 வரை இதய வடிவ முத்திரை, அதன் பிறகு சிங்கம். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் குதிரையின் கழுத்தையும் பாருங்கள். அன்னத்தின் கழுத்து போல வளைந்திருந்தால் பழைய வடிவம். நடுவில் துளையோடு கட்டியாக இருந்தால் 1809-க்குப் பிந்தையது. பெட்டியில் வருவது கட்டிக் கழுத்து, ஆனால் சீட்டில் 1797 என்று அச்சடித்திருக்கிறார்கள். 1799 ஸ்ரீரங்கப்பட்டணத்தையோ, 1803-இல் வெல்லெஸ்லி மராத்தியரோடு மோதிய அசாயே போரையோ மேடையேற்றும் பள்ளிகள் அன்னக் கழுத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

குழலுக்குள் இருக்கும் மருந்துக்கு நெருப்பு போகும் பற்றுவாய்த் துளை போடப்படவில்லை, குழலுக்குள் அடைப்பும் உண்டு. நம் நாட்டில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் தேவை என்பதால் இப்படித்தான் இருக்க வேண்டும். துளை போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கட்டையில் ஒரு கோளாறு. மரத்தை நன்றாக உலர்த்தாமல் கடைந்திருக்கிறார்கள். ஜூலை மாத மூடுபனியில் இரண்டு வாரம் இருந்தால் கட்டை உப்பி, திணிக்கும் இரும்புக் கம்பி தன் குழிக்குள்ளேயே இறுகிக்கொள்கிறது. குறடால் இழுக்கக் கூடாது, கம்பி வளைந்துவிடும். அடுப்பு எரியும் அறையில் மூன்று நாள் நிறுத்தினால் தானே தளரும். பிறகு குழியை வட்டக் கம்பியில் சுற்றிய மணல்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி உள்ளே ஊட்டுங்கள். குழலுக்கு மெஷின் ஆயில் மட்டும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும், அடியில் துரு ஏறும்.

நாடகத்துக்குச் சுடும் பயிற்சி வேண்டுமென்றால் வரிசை இது. குதிரையைப் பாதி இழு. தோட்டாவை எடு. காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழி. கொஞ்சம் மருந்தைப் பூட்டின் மேலுள்ள கிண்ணியில் போட்டு மூடியைச் சாத்து. துப்பாக்கியை இடப்பக்கம் நிறுத்து. மீதி மருந்தைக் குழல் வாயில் கொட்டு. குண்டையும் காகிதத்தையும் மேலே போடு. கம்பியை உருவித் திணி. கம்பியைத் திரும்பச் சொருகு. குதிரையை முழுக்க இழு. தோளில் வை. பழகிய ஆள் நிமிஷத்துக்கு மூன்று முறை இதைச் செய்தான். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது கம்பியைத் திரும்பச் சொருகும் இடத்தில். அவசரத்தில் அதைக் குழலிலேயே விட்டுவிடுகிறார்கள். போர்க்களத்திலும் இந்தத் தவறு நடந்தது. கம்பி குண்டோடு சேர்ந்து பறந்துபோகும், அந்தச் சிப்பாயின் கையில் அதன் பிறகு இருப்பது பயனெட் சொருகிய ஒரு கழி மட்டுமே. போலித் தோட்டாவில் ரவையோ மாவோ போடாதீர்கள். மழைநாளில் புழு வைக்கும். மரத்தூள் நல்லது. தோட்டாப் பைக்குள் 36 குழியுள்ள மரக்கட்டையும் அதன் அடியில் 24 தோட்டாவுக்குத் தகரத் தட்டும் இருக்கின்றன. மொத்தம் 60, சரியான எண்ணிக்கை. குண்டு ஒன்று சுமார் 31 கிராம் என்றால் ஈயம் மட்டுமே 1.9 கிலோ. சக்கிமுக்கிக் கல் இருபது முப்பது முறை தட்டினால் மழுங்கும். அந்தக் காலத்தில் சஃபோக் மாவட்டத்துப் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லுக்குப் பெயர் அதிகம். செட்டில் வருவது ஏதோ பழுப்புக் கல். தோல் துண்டில் சுற்றித்தான் கவ்வ வைக்க வேண்டும், இல்லையென்றால் நழுவும்.

அந்தக் கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அது பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும். வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை அடுத்த யுகத்தைச் சேர்ந்தது. புகையில்லாத மருந்து வந்த பிறகுதான் சிவப்புக் கோட்டும் புகை மூட்டமும் முடிவுக்கு வந்தன. வரலாற்று நடை கூட்டிப் போகிறவர்கள் அந்த வாசலருகே நின்று இதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு இரண்டு காலமும் ஒன்றாகப் புரியும்.

கோட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பளித் துணி நல்ல கனம், தையல் ஒழுங்கு. நிறம்தான் தவறு: சிப்பாய்க் கோட்டு மஞ்சிட்டி வேரில் சாயம் போட்ட செங்கல் சிவப்பு, இதுவோ அதிகாரிகளின் பளீர்ச் சிவப்பு. பொத்தானும் பித்தளை, சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவைதான். மாற்றித் தரச் சொன்னால் தருகிறார்கள். கழுத்துப் பட்டியும் கைமடிப்பும் என்ன நிறத்தில் வேண்டும் என்று ஆர்டரின்போது கேட்பார்கள். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் உண்டு. நீலகிரியில் வாங்குபவர்கள் வெள்ளை என்று சொல்லுங்கள். காரணம் 74-ஆம் ரெஜிமென்ட். அது 1803 செப்டம்பர் 23 அன்று வெல்லெஸ்லியின் கீழ் அசாயேவில் நின்று பேரிழப்பைச் சந்தித்தது, பிறகு தாய்நாடு திரும்பி 1810-இலிருந்து அதே தளபதியின் கீழ் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் போரிட்டது. அசாயே களத்தில் சென்னைச் சிப்பாய்களும் நின்றார்கள். இன்று வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் இருக்கும் யானை அந்த அசாயே யானைதான். ஒரே கோட்டு இரண்டு போருக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.

பெட்டியில் இல்லாத ஒன்று சமையல் கெட்டில். இது இல்லாமல் 1813 என்ற வருஷத்தைக் காட்டவே முடியாது. அதுவரை பத்துப் பேருக்கு ஒன்றாகக் கனத்த இரும்புக் கெட்டில். கோவேறு கழுதைமேல் வரும். கழுதை பின்தங்கினால் சோறு இரவில்தான். 1813-இல் அதை மாற்றி, ஆறு பேருக்கு ஒன்று என்று இலேசான தகரக் கெட்டில் கொடுத்தார்கள். ஆட்களே முறை வைத்துச் சுமந்தார்கள். கழுதைகளின் முதுகு காலியானது. அதில் கம்பெனி எனப்படும் ஒவ்வொரு சிறு படை அணிக்கும் மூன்று கூடாரம் ஏறியது. கூடாரம் கிடைத்ததால் மேலங்கியைக் கிடங்கில் விட்டுவிட்டுக் கம்பளியோடு மட்டும் கிளம்பினார்கள். ஒரு பாத்திரத்தை மாற்றியதில் மொத்தப் படையின் தூக்கமே மாறியது. ஆகவே 1813 கோடையைக் காட்டுகிறவர்கள் 2.3 கிலோ மேலங்கியை எடுத்துவிட்டு, ஊட்டி மார்க்கெட்டில் ஐந்து ஆறு லிட்டர் தகரத் தூக்குவாளி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 1809 அல்லது 1811 என்றால் மேலங்கி இருக்கட்டும், கூடாரம் வேண்டாம்.

ரேஷன் அளவு: தலைக்கு ஒரு நாளைக்கு எலும்போடு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு பிஸ்கட் அல்லது ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு பைன்ட் (சுமார் அரை லிட்டர்) ஒயின் அல்லது பைன்டில் மூன்றில் ஒரு பங்கு ரம். மனைவிக்குப் பாதி ரேஷன். கடல் கடந்து போகும் படையில் நூறு பேருக்கு ஆறு மனைவியர் என்று அனுமதி. யார் கப்பலேறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். சீட்டு விழாதவர்கள் துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். பள்ளி நாடகங்களில் விடுபட்டுப் போகும் இந்தக் காட்சியை மாணவிகளை வைத்து அவசியம் போட வேண்டும்.

பிஸ்கட்டை இங்கேயே செய்யலாம். விறகு அடுப்பில் வர்க்கி சுடும் பேக்கரிகள் இருக்கின்றனவே. ஆனால் வர்க்கி மாவைப் போல் கொழுப்பு சேர்த்து மடிக்கக் கூடாது. ஒரு கிலோ கோதுமை மாவு, 400 மில்லி தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவ்வளவே. கெட்டியாகப் பிசைந்து, விரல் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி, வர்க்கி வேலை முடிந்து தணல் அடங்கிய சூட்டில் இரண்டு மணி நேரம். பிறகு ஒரு நாள் அடுப்பு மேட்டிலேயே காயட்டும். குத்தல் குறைந்தால் நடுவில் ஈரம் நின்று நான்காம் நாள் பூசணம் பிடிக்கும். அப்படியே கடித்தால் பல் போய்விடும். கறிச்சாற்றில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். இறைச்சிக்கும் நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடாத வாளியில் எலும்புக் கறி மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து வேகாது.

எந்தப் பெட்டியாலும் தர முடியாதது மாடு. தக்காணத்தில் வெல்லெஸ்லி ஓடியது மைசூர் அமிர்த மகால் மாடுகளின் பலத்தில், லம்பாடி வணிகர்கள் பொதிமாட்டில் கொண்டுவந்து விற்ற தானியத்தில். போர்ச்சுகலில் அவருக்குக் கிடைத்தது கிறீச்சிடும் மர அச்சுள்ள மாட்டு வண்டிகளும், கூலி பாக்கியோடு வேலை செய்த உள்ளூர்க் கழுதைக்காரர்களும். அந்த இடைவெளியை நிரப்பியது சிப்பாயின் முதுகு.

வாங்கும் முறை பற்றி: செட்டின் மொத்த விலையில் பாதிக்கு மேல் துப்பாக்கிக்கே போகிறது. உருப்படிகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். பத்து மாணவர்கள் கொண்ட நாடகத்துக்கு முதுகுப் பை, குடுவை, தோட்டாப் பை, ஜோல்னா பை பத்து வாங்குங்கள், கோட்டு பத்து, மஸ்கெட் இரண்டே போதும். மற்ற எட்டையும் உள்ளூர்த் தச்சர் சில்வர் ஓக்கில் கடைந்துவிடுவார். ஷூ வாங்க வேண்டாம். பயனெட்டின் முனையை மழுக்கி அனுப்பச் சொல்லி, வந்ததும் உறையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். மலைக்கு வரும் பார்சலில் கோட்டுகளையும் எண்ணெய் பூசிய இரும்பையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். கறை போகாது, தனிப் பெட்டி கேளுங்கள். வந்தவுடன் தோல் சாமான்களை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தேன்மெழுகு தடவி, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். பாலித்தீன் உறையோடு பீரோவில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் வார் முழுக்கப் பச்சைப் பூசணம். கோட்டுக்கு நாப்தலீன் உருண்டை, மாதம் ஒரு முறை வெயில். வெள்ளீயப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், கறுத்துவிடும். உலர்ந்த துணியே போதும்.